ஊற்றியதைவிடக் கூடுதலாய் வடிந்த ஆயில்

போன வாரம் முத்துச்செல்வி என் போனுக்கு ஒரு அட்டவணை அனுப்பியிருந்தாள். விருதுநகரில் நாற்கரச் சாலையோரம் இருக்கிற எங்கள் ஒர்க்‌ஷாப்பில், நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் அட்வைசர் அவள். அட்டவணையில் ஐந்து எஸ்.யு.வி.கள். எல்லாம் அளவில் சின்னது, விலையில் பெரியது. ஐந்து வருஷத்தில் எந்த வண்டி எவ்வளவு செலவு வைக்கும், எது எத்தனை தடவை மக்கர் பண்ணும் என்று ஏதோ ஒரு செயலி பச்சை, மஞ்சள், சிவப்பில் கட்டம் போட்டுக் காட்டியிருந்தது. கீழே அவள் கேள்வி: "அக்கா, கஸ்டமர்க எல்லாம் இதக் காட்டி எது வாங்கன்னு கேக்காக. இது சரியா, தப்பா?"

அடடா! ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கிறது. ஜீரக மிட்டாயைக் கண்ட பிள்ளை மாதிரி ஆகிவிடுவேன். அடுப்பில் இருந்த பாலை மறந்து அந்த அட்டவணையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். அட்டவணை பாதி சரி. சரியில்லாத பாதியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். அதனால் ஒரு மனிதனுக்கு வேலையே போயிற்று.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெசிந்தா. அம்மா நர்ஸ், சித்திமார் இரண்டு பேரும் டீச்சர். நானும் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் ஆகியிருக்க வேண்டும். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கப் போனேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் யாரும் வேலை தரவில்லை, மூன்றாவது வருஷம் இந்த ஒர்க்‌ஷாப்பை நடத்தும் காஜா பாய் தந்தார். கிரீஸில் கை வைக்க ஆறு மாதம், கஸ்டமரிடம் பேச ஆறு மாதம், அவ்வளவுதான் என் பயிற்சிக்காலம். மற்றதையெல்லாம் வண்டிகள் சொல்லிக்கொடுத்தன.

எங்கள் பக்கத்தில் சொகுசு வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டாசு, அச்சகம், பருப்பு, எண்ணெய் முதலாளிகள். தீபாவளி சீசன் நன்றாக ஓடிய வருஷம் என்றால் பொங்கலுக்குள் சிவகாசியில் நாலு புது வண்டி வந்துவிடும். மூணு வருஷ வாரண்டி முடிகிற வரைக்கும் மதுரை ஷோரூமுக்குப் போவார்கள். வாரண்டி முடிந்த மறுமாதம் எங்கள் வாசலில் நிற்பார்கள். ஆக, வண்டியின் புது மாப்பிள்ளைக் கோலத்தை நாங்கள் பார்த்ததே கிடையாது. நாலாம் வருஷத்திலிருந்து பத்தாம் வருஷம் வரை பார்த்தோம். ஒரு வண்டி எப்படிப்பட்டது என்று அப்போதுதான் தெரியும்!

என்னவெல்லாம் பார்த்தோம் தெரியுமா? பஞ்சரானாலும் ஓடும் டயர் என்று பெருமையாகச் சொல்லி, ஸ்டெப்னியே தராமல் விற்ற வண்டியை, ஏழாயிரம்பண்ணை ரோட்டில் சரளைக்கல் டயரைக் கிழித்துவிட்டதென்று டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு டயர் விலைக்குச் சாதாரண வண்டிக்கு நாலு டயர் போட்டுவிடலாம். கூரைக் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்னக் குழாய் இருக்கும். கரிசல் புழுதி அதை அடைத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் முதலாளி மடியில் தண்ணீர் கொட்டும். ஏ.சி. பில்டரைக் கழற்றினால் வெள்ளியாக மினுங்கும், அத்தனையும் பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். பழுப்பு நிறத் தோல் சீட் வேண்டும் என்று ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி இரண்டே வருஷத்தில் சாம்பல் நிறமாகிவிடும். ஐரோப்பிய வண்டி ஒன்றுக்கு ஒரு சின்ன சென்சார் சென்னையிலிருந்து வர பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் வீட்டு ஸ்கூட்டரில் போய்வந்த முதலாளியின் மனவருத்தத்தை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

கியர்பாக்ஸ் ஆயில் கதை இன்னும் வேடிக்கை. "இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்" என்று கம்பெனிப் புத்தகம் சொல்லும். ஒரு கஸ்டமர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிச் சண்டைக்கு வந்தார். காஜா பாய் நிதானமாக, "யாரோட ஆயுசுக்குன்னு போட்டிருக்கா அண்ணே?" என்று கேட்டார். கஸ்டமருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆயிலை மாற்றினோம். அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

காஜா பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒர்க்‌ஷாப் முதலாளி. இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்தில் இவர் ஒருத்தர்தான் வண்டிப் பக்கம் வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, எவ்வளவு வேலை பார்த்தாலும் அதில் ஒரு பொட்டு ஆயில் படாது. எப்படி என்று இருபத்தாறு வருஷமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லையே என்று நாங்கள் ஏங்குகிற மாதிரி ஒரு பழக்கம் வைத்திருந்தார். வண்டியின் கோளாறை எழுதிவைக்கும் ஜாப் கார்டில் நாம் தப்பாக எழுதிவிட்டால் கூப்பிடுவார். கஸ்டமர் நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொள்வார். நாம் நின்றுகொண்டு, எழுதியதை நம் வாயாலேயே வாசிக்க வேண்டும். முடித்ததும், "இன்னொரு வாட்டி வாசிம்மா" என்பார். இரண்டாவது தடவை வாசிக்கும்போதே தப்பு நம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

வண்டி வந்தால் பானட்டைத் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். முதலில் மூன்று கேள்வி. வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? ஒரு நாளைக்கு எம்புட்டுத் தூரம் போகுது? எங்கெங்கே நிற்குது? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் வண்டியைத் தொடலாம். எந்த வண்டியையும் ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணுவார். அந்த முதல் பத்து விநாடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அம்மா வார்டில் நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரியே இருக்கும். சூடான வண்டி பொய் சொல்லும், ஆறின வண்டி சொல்லாது என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிவகாசியில் சங்கரபாண்டி அண்ணாச்சி என்று ஒரு முதலாளி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு யூனிட் இரண்டு, ஊருக்குள் ஒரு அச்சகம். நல்ல மனுஷன், ஆனால் முன்கோபி. அவரிடம் ஒரு ஜெர்மன் டீசல் எஸ்.யு.வி. இருந்தது. கருநீலம். என்ன அழகு! வாரண்டி முடிந்த நாலாம் மாதம் எங்களிடம் வந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை. மதுரையில் ஏற்கெனவே இரண்டு தடவை சரிபண்ணி, பெரிய பில்லும் கட்டியாயிற்று.

அன்றைக்குக் காஜா பாய் ஊரில் இல்லை, தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருந்தார். சித்திரை மாதம், வாசலில் பதினோரு வண்டி. நான் அந்த மூன்று கேள்வியைக் கேட்கவில்லை. நேரே ஆயிலை வடிக்கச் சொன்னேன். போன சர்வீஸில் ஊற்றியது ஐந்தரை லிட்டர். வடிந்தது ஆறு லிட்டருக்கும் மேல்! எந்த வண்டியிலும் ஆயில் குறையத்தான் குறையும். கூடுமா? மெக்கானிக்குகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். விரலில் தொட்டு மோந்தேன், டீசல் வாடை தூக்கியது.

எனக்கு ஒரே குஷி. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிர். ஜாப் கார்டில் இப்படி எழுதினேன்: "எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்துள்ளது. தவறான எரிபொருள் அல்லது ஓட்டுநரின் கையாளல் காரணமாக இருக்கலாம்." கையெழுத்தும் போட்டேன். ஆயிலை மாற்றி, விளக்கை அணைத்து, வண்டியை அனுப்பினேன். "இருக்கலாம்" என்றுதானே எழுதினோம் என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ, கணக்கே இல்லை.

நாலு நாள் கழித்துக் காஜா பாய் வந்தார். வந்த அன்றே அண்ணாச்சியிடமிருந்து போன். வண்டியில் மறுபடியும் விளக்கு எரிகிறதாம். போனில் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "பாய், ஒங்க ஜெசிந்தாம்மா எளுதுனது சரிதான். அந்த டிரைவர் பய நல்ல டீசல வித்துப்புட்டு எதையோ கலந்து ஊத்திருக்கான். பதினோரு வருசம் எங்கிட்ட இருந்தவன்! வெரட்டி விட்டுட்டேன். போலீசுக்குத்தான் போகணும், யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

பாய் போனை வைத்தார். போய்க் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கார்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், வாசித்தேன்.

"இன்னொரு வாட்டி வாசிம்மா."

வாசித்தேன். "ஓட்டுநரின் கையாளல்" என்ற இடத்தில் குரல் வரவில்லை.

"டிரைவர் பேரு என்ன?"

"தெரியாது பாய்."

"வண்டி எங்கெங்கன நிக்குது?"

"கேக்கலை பாய்."

அவர் எழுந்து போய்விட்டார். நான் டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன்.

டிரைவர் பெயர் மாரியப்பன். நாற்பது வயதுக்குமேல் இருக்கும், ஒல்லி. வீட்டில் அவர் மட்டும் இருந்தார், மனைவி வேலைக்குப் போயிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று நின்றேன்.

"நீங்கதான் எளுதுனீகளா?"

"ஆமா."

"நான் திருடுனேன்னு ஊரெல்லாம் பேசுறாக. எம்மக பள்ளிக்கூடம் போமாட்டேங்குறா. ஒரு சொட்டு நான் வித்ததில்ல. பங்க் பில்லு அம்புட்டும் வச்சிருக்கேன், பாக்கீகளா?"

"பில்லு வேண்டாம் மாரியப்பன். நான் கேக்காம விட்டதக் கேக்க வந்திருக்கேன். ஒரு நா பூரா நீங்க எப்படி ஓட்டுவீக? எங்கெங்க நிறுத்துவீக?"

அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொன்னார். காலையில் சிவகாசி வீட்டிலிருந்து அச்சகம், பத்து நிமிடம். அங்கேயிருந்து முதல் யூனிட். அப்புறம் இரண்டாவது யூனிட். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு. மறுபடியும் அதே சுற்று. எங்கேயும் இருபத்தைந்து நிமிடத்துக்குமேல் சேர்ந்தாற்போல் ஓடாது. வெளியூருக்கு அண்ணாச்சி ரயிலில்தான் போவார். "யூனிட் கேட்டுக்கு அம்பதடி இங்கிட்டே நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணிருவேன். சாவி, போனு, தீப்பெட்டி எல்லாம் வாட்ச்மேன்ட்ட. அதுதான சட்டம்?"

எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. அப்படியே அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். மனுஷன் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க சைலன்சர் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்தால், வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, அந்த வடிகட்டியைப் பழுக்கக் காய்ச்சி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் பதினைந்து, இருபது நிமிடம் நல்ல வேகத்தில் விடாமல் ஓட வேண்டும். நடுவில் அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும். கூடுதலாகப் போன டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். அடுத்த தடவை மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஆயில் ஏறிக்கொண்டே போகும்! நாற்கரச் சாலையில் தினமும் மதுரைக்குப் போய்வருகிறவருக்கு இதே வண்டி பத்து வருஷம் தங்கமாக ஓடும். முத்துச்செல்வி அனுப்பிய செயலியின் பச்சைக் கட்டம் அப்படிப்பட்டவருக்குத்தான் பொருந்தும்.

ஆனால் இது என் ஊகம்தானே? ஊகத்தை எழுதித்தான் ஒருவரைத் தெருவில் நிறுத்தியிருந்தேன். இந்தத் தடவை கண்ணால் பார்க்க வேண்டும். காஜா பாய் அண்ணாச்சியிடம் பேசி, இன்னொரு பரிசோதனை என்று சொல்லி வண்டியை ஒருநாள் வாங்கினார். மாரியப்பனையே ஓட்டச் சொன்னோம். எஞ்சினுக்குள் நடப்பதைத் திரையில் காட்டும் ஸ்கேனரைச் சொருகி மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வழக்கமாகப் போகிற சுற்று, வழக்கமாக நிற்கிற இடம். ஒன்றையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அச்சகம் வரை ஒன்றுமில்லை. முதல் யூனிட்டில் வாட்ச்மேன் ஸ்கேனரைப் பார்த்துவிட்டு, "அம்மா, அதோட எறங்கப்படாது, வண்டிக்குள்ளயே இருங்க" என்றார். இருந்தேன். இரண்டாவது யூனிட்டுக்குப் போகிற வழியில், வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு கண்மாய்க்கரை தாண்டியதும் திரையில் எழுத்து மாறியது. எரிப்பு தொடங்கிவிட்டது! வெப்பம் ஏறுகிறது. முன்னூறு. நானூறு. ஐந்நூறு.

"மாரியப்பன், ஆரம்பிச்சிருச்சு! ஆரம்பிச்சிருச்சு!"

"என்னத்தக்கா ஆரம்பிச்சிருச்சு?"

"ஒண்ணுமில்ல, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க!"

அறுநூறை நெருங்கியது. மூன்று நிமிடம், நாலு நிமிடம். ரோட்டோரச் சீமைக்கருவேலங்களுக்கு நடுவே யூனிட் போர்டு தெரிந்தது. வண்டி மெதுவாகி, கேட்டுக்கு ஐம்பதடி முன்னால் நின்றது. மாரியப்பன் பட்டனை அழுத்தினார். எஞ்சின் அடங்கியது. திரையில் வந்தது: எரிப்பு நிறைவுபெறவில்லை.

நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். "என்னம்மா, பாம்பா?"

சாயங்காலம் அதே வண்டியைச் சாத்தூருக்கு விட்டு, நாற்கரச் சாலையில் ஏற்றி, விருதுநகர் வரை எங்கேயும் நிற்காமல் ஓட்டினோம். எரிப்பு தொடங்கியது, நடந்தது, முடிந்தது. ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பும் முன்பே மஞ்சள் விளக்கு தானாக அணைந்துவிட்டது. மாரியப்பன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "மகட்ட சொல்லணும்க்கா" என்றார். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுது முடித்தபின் போய் டீ குடித்தோம்.

ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு பக்கம் அறிக்கை எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. முந்தைய கார்டில் நான் எழுதியது தவறு என்று முதல் வரியிலேயே போட்டேன். பிறகு எங்கே எரிப்பு தொடங்கியது, எவ்வளவு சூடு, எங்கே நின்றது எல்லாம். கடைசியில், கெட்டிக்காரி இல்லையா, ஒரு தீர்வும் எழுதினேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். மாரியப்பனையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றார். காஜா பாய், "நீயே வாசிம்மா" என்றார். வாசித்தேன். அண்ணாச்சி முகம் மாறிக்கொண்டே வந்தது. மாரியப்பன் கொண்டுவந்த பங்க் பில், ஸ்கேனர் படம், ஆயில் அளவு எல்லாவற்றையும் வாங்கி வாங்கிப் பார்த்தார். தலையைத் தூக்கவில்லை. நான் உற்சாகமாகக் கடைசி வரிக்கு வந்தேன்: "எனவே, எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது யூனிட்டை அடைந்தால், எஞ்சினை அணைக்காமல் கேட்டருகே பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும்."

"இன்னொரு வாட்டி வாசிம்மா" என்றார் பாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு எங்கே? வாசிக்க வாயெடுப்பதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்கிராதீக. அது மட்டும் என்னால முடியாது."

"ஏன் மாரியப்பன்? ஒங்க வேலைக்காகத்தான சொல்றேன்?"

"அறுநூறு டிகிரின்னு நீங்கதான சொன்னீக. கேட்டு முன்னால பூரா காஞ்ச புல்லு. திரித் துண்டும் காயிதமும் காத்துல வந்து அங்கனதான் கெடக்கும். அது மேல அடுப்பு மாதிரி ஒரு சாமான எரியவிட்டு நிக்கச் சொல்றீக." சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "வேல போனா இன்னொரு வேல பாத்துக்கிருவேன்க்கா. உள்ள பாக்கிங் ஷெட்டுல எம்பொண்டாட்டி இருக்கா. அவளோட எம்பது பேரு இருக்காக."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அறுநூறு டிகிரி என்று அதே தாளில் நாலு வரி மேலே என் கையாலேயே எழுதியிருக்கிறேன்! பட்டாசு மண்ணில் பிறந்து வளர்ந்தவள், ஒரு பட்டாசு யூனிட் வாசலில் நெருப்பை எரியவிட்டு நிற்கச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதுவும் எவ்வளவு பெருமையோடு! வண்டியைக் காப்பாற்றுகிற ஆர்வத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்பதை இரண்டாவது தடவையும் மறந்துவிட்டேன்.

"வாரம் ஒருதடவ நாற்கரச் சாலைல ஓட்டுனா?" என்று ஈனக்குரலில் கேட்டுப் பார்த்தேன்.

"ஓட்டலாம்க்கா. ஆனா அது என்னைக்கு, எந்த எடத்துல சூடாகும்னு எனக்குத் தெரியாதே. போர்டுலயும் ஒண்ணும் காட்டாது. அன்னைக்கு நீங்க மடியில மிசின வச்சிருந்தீக, சொன்னீக. தெனமும் யாரு சொல்லுவா? நான் ஆஃப் பண்ணாலும் அந்தச் சூடு ஒடனே ஆறிருமா?"

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். காஜா பாய் தாளை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அது அவரிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அண்ணாச்சி எழுந்தார். முன்கோபி என்று சொன்னேனே, கோபம் வருகிற அதே வேகத்தில் அவருக்குக் கண்ணீரும் வந்துவிட்டது. "ஏலே மாரியப்பா, நான் தெனமும் அந்த வண்டியிலதானலே வந்து எறங்குறேன். எனக்கு இது தோணலையே. ஒன்னப் போயித் திருடன்னு சொல்லிட்டேனே. தப்புலே. எம்மேல பெரிய தப்பு." மாரியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், தெருவில் நாலு பேர் கேட்க, மகளிடமும் அதையே சொன்னாராம். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போனாள், மாரியப்பன் வேலைக்குப் போனார்.

டீசல் வண்டியை மதுரையில் தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிற ஒரு டாக்டருக்கு, விஷயத்தையெல்லாம் சொல்லியே விற்றுக்கொடுத்தோம். இன்றைக்கும் ஒரு குறையில்லாமல் ஓடுகிறது. அண்ணாச்சிக்கு அடுத்து எந்த வண்டி என்ற பேச்சு வந்தது. நான் அடக்க ஒடுக்கமாக என் ஒப்பீட்டை எழுதிக் கொடுத்தேன்: பெட்ரோல் வண்டி, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட், முழுக்க மின்சாரத்தில் ஓடுகிற வண்டி. எதற்கு என்ன செலவு, எதன் உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், எதற்குப் பத்து வருஷ அனுபவம் எங்களிடம் இருக்கிறது, எதற்கு இல்லை. மின்சார வண்டிக்கு நேரே "தெரியாது" என்று இரண்டு இடத்தில் எழுதினேன். முன்பெல்லாம் "தெரியாது" என்று எழுத எனக்குக் கை வராது. அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு, "இத மாரியப்பன்ட்ட குடும்மா. அவன் பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

மாரியப்பன் ஒன்றே ஒன்று கேட்டார். மூன்று வண்டியையும் ஒருநாள் யூனிட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்று ஷோரூமிலிருந்தும் டை கட்டிய ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடிக் காட்டினார். ஒருவர் சீட் காற்றடிப்பதைச் சொன்னார். மாரியப்பன் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வண்டியையும் சிவகாசியிலிருந்து தன் வழக்கமான சுற்றிலேயே ஓட்டிவந்தார். கேட்டுக்கு ஐம்பதடி முன்னால், புல்லைச் செதுக்கிச் சுத்தம் பண்ணியிருந்த தரையில் நிறுத்தினார். அணைத்தார். இறங்கினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தபடி இருந்தார். பெட்ரோல் வண்டிக்குக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஹைபிரிட்டுக்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். மூன்றாவது வண்டிக்கு, முன்னால் ஒருதடவை, நடுவில் ஒருதடவை, பின்னால் ஒருதடவை என்று சுற்றிச் சுற்றி வந்து கையை நீட்டினார். டை கட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. கேட் பக்கம் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இந்த வண்டிய எங்கன நிறுத்தினாலும் எனக்குப் பயமில்ல மொதலாளி. சார்ஜ் மட்டும் வீட்லயே போட்டுக்கிருவோம், இங்கன வேண்டாம். இத வாங்குங்க."

அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார். விலை எவ்வளவு என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார்.